ஹேடோ துறைமுகமும் அக்கரைச் சாலையும்

அந்தமான் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது செல்லுலார் சிறைச்சாலை. ஆனால் பிழைப்புக்காகக் கப்பலேறிய தமிழனுக்கு அந்தமானின் முதற்படி சிறைச்சாலை அன்று, ஹேடோ. சென்னையிலிருந்தும், கொல்கத்தாவிலிருந்தும், விசாகப்பட்டினத்திலிருந்தும் புறப்படும் பயணிகள் கப்பல்கள் வந்து சேருகிற துறை அதுவே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கி.மீ. கடல்வழி. மூன்று நாட்கள் நீலத்தைத் தவிர வேறொன்றையும் காணாத கண்களுக்கு ஹேடோவின் பாரந்தூக்கிகளும், தகரக் கூரைகளும், தென்னைகளும் எவ்வளவு இனிமையாகத் தோன்றும் என்பதை அந்தப் பயணம் செய்தவர்களே அறிவார்கள். இன்று விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ஆயினும் மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் வருகிறவர்கள் இன்றைக்கும் கப்பலில்தான் வருகிறார்கள்.

ஹேடோ தனி ஊர் அன்று. போர்ட் பிளேர் நகரத்தின் ஒரு பகுதி. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. பழைய பெயரும் மக்கள் வாயில் இன்னும் வாழ்கிறது. நகரின் பெரிய கடைத்தெருவுக்கு அபர்தீன் பஜார் என்று பெயர். ஸ்காட்லாந்து தேசத்தில் அபர்தீன் என்னும் நகரமும், அதன் அருகே ஹேடோ என்னும் மாளிகையும் உள்ளன. வெள்ளைக்காரர் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து இங்கே நட்டுவைத்தார்கள். நம்மவர்கள் கறிவேப்பிலையையும் முருங்கையையும் கொண்டுவந்து நட்டார்கள். எது நன்றாக வேரூன்றியது என்பதை ஹேடோவின் வீட்டு வாசல்களில் கண்டுகொள்ளலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர். வங்காளியருக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த இடம் நமக்கு. இராமநாதபுரத்துப் பேச்சும், திருநெல்வேலிப் பேச்சும், நடுவே இந்தியும் கலந்த ஒரு தமிழை இங்கே தேநீர்க் கடைகளில் கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று பூமி அதிர்ந்தபோது இந்தத் துறைமுகமும் சேதமடைந்தது. பின்வந்த நாட்களில் நிக்கோபார் தீவுகளிலிருந்து வீடிழந்தவர்கள் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களும் உண்டு. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அங்கே குடியேற்றப்பட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் இழந்தவர்கள் அவர்கள். அக்காலத்தில் அரிசி மூட்டைகளையும் போர்வைகளையும் இறக்கிவைத்தது இத்துறைமுகமே. கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த ஊர் ஹேடோ.

இவ்வூரின் இன்னொரு துயரத்தையும் சொல்ல வேண்டும். இங்கே அரசாங்கத்தின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது. 2015ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆயினும் பெரிய வியாதிகளில் பலவற்றுக்கு நோயாளிகளை மெயின்லாந்துக்கு அனுப்புகிறார்கள். மெயின்லாந்து என்றால் பெரும்பாலும் சென்னை. ஹேடோவில் எந்தத் தமிழ்க் குடும்பத்தில் விசாரித்தாலும், அப்படி அனுப்பப்பட்ட ஒருவரையாவது அவர்கள் அறிந்திருப்பார்கள். சிகிச்சைக்கு அரசு உதவினாலும், உடன் செல்லுகிறவரின் பயணம், சென்னையில் தங்கும் அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, இங்கே விட்டுச்செல்லும் பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவற்றுக்கு எவருடைய கையை நோக்குவது? நகரத்தில் வாழுகிற நாம் பேருந்து பிடித்து மருத்துவமனைக்குப் போகிறோம். இவர்கள் ஒரு கடலைக் கடக்க வேண்டும்.

ஆகவே, இங்குள்ள வாலிபர் சிலர் ஒரு சிறிய அறப்பணி ஓட்டம் நடத்தி, அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவலாமா என்று பேசியபோது, அது எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் ஞாயிறுதோறும் ஏதோவொரு ஓட்டம் நடக்கிறது. கோயம்புத்தூரில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தான், அங்குள்ள புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் நோக்கத்தோடு பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் டெர்ரி ஃபாக்ஸ் பெயரால் ஓட்டம் நடைபெற்றிருக்கிறது. ஆனால் நகரத்து ஓட்டத்தை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துத் தீவுக்குக் கொண்டுவர முடியுமா? அதைப் பார்க்கவே ஒரு காலையில் ஹேடோவிலிருந்து புறப்பட்டோம்.

ஹேடோவுக்குள் ஓட்டம் நடத்துவது கூடாத காரியம் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், வளைந்து ஏறி இறங்கும் சாலை, நடப்பவருக்கே இடமில்லாத ஓரங்கள். கீழே இறங்கி ஒரு சிறு பாலத்தைத் தாண்டினால் சாத்தம் தீவு. 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மரமறுப்பு ஆலை அங்கே இருக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று என்கிறார்கள். 1942இல் விழுந்த குண்டு ஒன்று தோண்டிய பள்ளத்தை இன்றும் காட்டுகிறார்கள். அத்தீவின் துறையிலிருந்து அக்கரைக்குப் படகு செல்லுகிறது. மனிதர், ஸ்கூட்டர், ஜீப், காய்கறிக் கூடை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தட்டில். கால் மணி நேரத்துக்குள் பேம்பூ ஃபிளாட். மூங்கில் வெளி என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். எவரும் அப்படி அழைப்பதில்லை.

பேம்பூ ஃபிளாட்டின் கடைத்தெருவைத் தாண்டியதும் நகரம் முடிந்துவிடுகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் பாக்குத் தோட்டமும் வாழையும், அவற்றுக்குப் பின்னே எழும்பும் மலையும். அம்மலைக்கு ஹேரியட் மலை என்பது பழைய பெயர். 2021 முதல் மணிப்பூர் மலை. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் தென்னைகளும் கடலும் கொண்ட ஒரு காட்சி அச்சிடப்பட்டிருந்ததே, அது இம்மலையிலிருந்து நார்த் பேயை நோக்கித் தெரியும் காட்சிதான். எத்தனை முறை அந்தத் தாளைக் காணிக்கைப் பையில் போட்டிருப்போம்! மலையடியில் ஹோப் டவுன் என்னும் கடற்கரைச் சிற்றூர். நம்பிக்கைப் பட்டணம் என்று பொருள்படும் அவ்விடத்தில்தான் 1872 பிப்ரவரி 8 அன்று, மலையிலிருந்து இறங்கிவந்த வைஸ்ராய் மேயோ பிரபு, ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். உள்ளே போனால் விம்பர்லிகஞ்ச். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமாரின் சந்ததியார் வாழும் சிற்றூர்கள். மன்னார்காடு, மஞ்சேரி, கோழிக்கோடு என்று கேரளத்து ஊர்ப்பெயர்கள் தென் அந்தமான் முழுவதும் சிதறிக்கிடக்கின்றன. வங்காளியும், மலையாளியும், தமிழரும், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்களும் ஒரே சாலையில் வசிக்கிறார்கள்.

சாலையோரத்துக் கடை ஒன்றில் அமர்ந்து, நாங்கள் நினைத்திருப்பதைச் சொன்னோம். கடைக்கார அம்மாள் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓடுறதுக்கு எதுக்குத் தம்பி காசு? கஷ்டப்படுறவங்களுக்குக் கொடுக்கணும்னா நேரா கொடுத்துடலாமே” என்றார். என்னோடு வந்த வாலிபர் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். இக்கேள்வியைத் தாண்டாமல் எந்த அறப்பணி ஓட்டமும் கிராமத்துக்குள் கால்வைக்கக் கூடாது என்பது என் கருத்து. இதற்கு விடை உண்டா என்றால், உண்டு. இரண்டு தேசங்களிலிருந்து அதை எடுத்துக்காட்டலாம்.

டெர்ரி ஃபாக்ஸ் கனடா தேசத்து வாலிபர். 1977இல், பதினெட்டாவது வயதில், எலும்புப் புற்றுநோயினால் வலது காலை இழந்தார். 1980 ஏப்ரல் 12 அன்று, செயற்கைக் காலோடு, தேசத்தின் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு குடிமகனிடமிருந்தும் ஒரு டாலர் என்பதே அவர் கேட்டது. முதல் நாட்களில் அவரைக் கண்டுகொண்டவர்கள் சிலரே. ஆனால் போர்ட் ஒ பாஸ்க் என்னும் சிறிய துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தபோது, ஏறக்குறைய 10,000 மக்கள் வாழ்ந்த அவ்வூர் 10,000 டாலர் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! அதுவும் கப்பல் வந்து போகும் ஊர்தான், ஹேடோவைப் போல. 143 நாட்களில் 5,373 கி.மீ. ஓடிய பின் நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28 அன்று, இருபத்திரண்டாம் வயதில் அவர் மரித்தார். அதற்குள் தேசத்தின் மக்கட்தொகைக்கு ஒப்பான 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. அவர் பெயரால் நடக்கும் ஓட்டங்களில் போட்டி இல்லை, பரிசு இல்லை. அவ்வூர் மக்கள் ஓட்டத்துக்காகக் கொடுக்கவில்லை. ஓர் ஒற்றைக்கால் வாலிபன் தங்கள் வாசலைக் கடந்து போனதைக் கண்டார்கள், தங்கள் வீட்டில் அந்த வியாதியால் மாண்டவரை நினைத்தார்கள், கொடுத்தார்கள்.

மற்றது நமக்கு இன்னும் அருகில் உள்ளது. இலங்கையில் யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 2011 ஜூலை மாதத்தில், தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை ஒரு கூட்டத்தார் கால்நடையாகவே சென்றார்கள். ‘டிரெயில்’ என்று அந்நடைக்குப் பெயர். நேதன் சிவகணநாதன் என்ற தமிழரும் சரிந்த உணம்புவே என்ற சிங்களவரும் அதை முன்னின்று நடத்தினார்கள். 27 நாட்கள், 670 கி.மீ. யாழ்ப்பாணத்தை அடுத்த தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்கு 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் சேர்ந்தது. 2013இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு அதே நடை மறுதிசையில், பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தது. இம்முறை காலி நகரை அடுத்த கராப்பிட்டியாவில் உள்ள மருத்துவமனைக்காக. தெற்கே இருந்தவர்கள் வடக்கின் நோயாளிகளுக்காக நடந்தார்கள். பின்பு வடக்கிலிருந்து தெற்கின் நோயாளிகளுக்காக நடந்தார்கள். பணத்தைத் தபாலில் அனுப்பியிருந்தால் மருத்துவமனை எழும்பியிருக்கும். ஆனால் வழியிலிருந்த கிராமங்களுக்கு அதில் பங்கு இருந்திருக்காது.

கடைக்கார அம்மாளுக்கு நான் சொன்னது இதையே. “அம்மா, காசு கொடுக்கிறவர் வெளியூரில் இருக்கலாம், ஆனால் கஷ்டப்படுகிறவர் இந்தச் சாலையில் இருக்கிறார். அவருக்காக ஊரே ஒரு காலையில் வாசலில் வந்து நிற்கும்” என்றேன். அவர் சற்று யோசித்து, “அப்போ தண்ணி நான் வைக்கிறேன்” என்றார். இந்த ஒரு வார்த்தை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கடினமானது. முதலாவது தூரம். நம் செய்தித்தாள்கள் எந்த ஓட்டத்தையும் மாரத்தான் என்று எழுதிவிடுகின்றன. மாரத்தான் என்பது 42.195 கி.மீ. அதைப் பேம்பூ ஃபிளாட் சாலையில் நடத்த எவரும் முயல வேண்டாம். 10 கி.மீ. போதும், பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் 3 கி.மீ. ஐந்து கி.மீ. போய், அதே வழியில் திரும்பிவந்தால், ஒரே தண்ணீர்ப் பந்தல் இருமுறை பயன்படும். முதல்வரும் கடைசியானவரும் எதிரெதிரே சந்தித்துக்கொள்வார்கள். பாதிச் சாலையை மட்டும் காவலர்கள் பார்த்துக்கொண்டால் போதும். சிறு பிள்ளைகளை நெடுந்தூரம் ஓடவிடும் ஆசை சில பெற்றோருக்கு உண்டு. 2006 மே 2 அன்று ஒடிசாவில் புதியா சிங் என்னும் நான்கு வயதுச் சிறுவன் பூரியிலிருந்து புவனேஸ்வர் வரை 65 கி.மீ. ஓடவைக்கப்பட்டதையும், அதன்பின் எழுந்த கண்டனத்தையும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். பிள்ளை சாதனை அன்று, பிள்ளை பிள்ளைதான்.

அடுத்தது காலநிலை. இத்தீவுகளில் மே முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரி மாதங்களே உகந்தவை. இங்கே இன்னொரு விசேஷம் உண்டு. இந்திய நேரம் தீவுகளின் சூரியனைவிட ஏறக்குறைய 40 நிமிடம் பின்தங்கியது. ஜூனில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும்; ஜனவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருள் சூழும். காலை ஏழு மணி வெயில் இங்கே எட்டு மணி வெயிலைப் போல அடிக்கும். ஆகவே ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கினால் ஏழுக்குள் முடிக்கலாம் என்று வாலிபர்கள் கணக்கிட்டார்கள். நல்ல கணக்குதான், ஆனால் ஹேடோவிலிருந்து வருகிறவர்களை எந்தப் படகு அவ்வேளைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்? இங்கே ஓட்டம் சூரியனுக்கும் கீழ்ப்படிய வேண்டும். படகின் நேரத்துக்கும் கீழ்ப்படிய வேண்டும். முதல் நாள் மாலையே அக்கரை சேர்ந்து, பள்ளிக்கூட வராந்தாவிலோ உறவினர் வீட்டிலோ தங்குவதே வழி.

எந்தக் கிழமை என்பது நம் வாசகர் பலருடைய கேள்வியாக இருக்கும். நகரத்து ஓட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடப்பதால், ஆராதனைக்குப் போகிற குடும்பங்கள் கலந்துகொள்ள முடிவதில்லை. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடெல் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து 100 மீட்டரை விட்டுவிட்டதையும், பின்பு 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் பெற்றதையும் நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கிராமத்து ஓட்டத்தை நாமே நடத்தும்போது இந்தச் சங்கடம் எதற்கு? சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அக்கரையில் மாப்பிள்ளைமாரும் வங்காளிகளும் உண்டு. அவர்களுடைய பண்டிகை நாட்களையும் கேட்டறிந்து நாள் குறிப்பதே மரியாதை.

உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்ல வேண்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலையோட்டம் ஒன்றில் 172 பேர் ஓடினார்கள். திடீரென்று கல்மழையும் குளிர்காற்றும் வீசியதில் 21 பேர் இறந்துபோனார்கள். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரைக் கொண்டுவந்து, தீமூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். நிபுணர்கள் போட்ட திட்டம் கைவிட்ட இடத்தில் மேய்ப்பன் நின்றான். கிராமத்தில் ஓட்டம் நடத்துகிறவர்கள் வழியிலுள்ள மனிதர்களை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அந்தமானில் குளிர் கொல்லாது. உஷ்ணமும் ஈரக்காற்றும் கொல்லக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை உலர்வதில்லை; உடல் குளிர்வதில்லை. ஓடுகிறவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால், ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் காத்திராமல் உடனே குளிர்ந்த நீரில் அவரை நனைக்க வேண்டும். முதலில் குளிரச் செய்வது, பிறகு கொண்டுசெல்வது. மீன் வியாபாரம் நடக்கும் ஊர் ஆகையால் ஐஸ்கட்டிக்குப் பஞ்சமில்லை. இரண்டு கி.மீ.க்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் போதும். தாகத்துக்கு மேல் வற்புறுத்திக் குடிக்கவைப்பதும் கெடுதல். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நம் பாட்டிமார் அறிந்த மருந்து.

சாலை வாகனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எண்பத்தொன்பதாம் வயதில் லண்டன் மாரத்தான் ஓடத் தொடங்கி, குறைமாதக் குழந்தைகளுக்காக நிதி திரட்டிய ஃபௌஜா சிங்கை உலகமே அறியும். நூறு வயதில் டொராண்டோவில் முழு மாரத்தானை ஓடி முடித்தவர். லண்டன், டொராண்டோ, ஹாங்காங் சாலைகளில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. 2025 ஜூலை 14 அன்று, பஞ்சாபில் தன் சொந்தக் கிராமத்தின் அருகே சாலையைக் கடக்கையில் கார் மோதி, 114ஆம் வயதில் இறந்தார். கிராமத்துச் சாலை வெறுமையாகத் தோன்றும். அதனாலேயே வாகனங்கள் அங்கே வேகமாக வருகின்றன. காவல் நிலையத்தில் எழுத்து மூலமாக அனுமதி பெற்று, ஒவ்வொரு வளைவிலும் சிவப்புக் கொடியோடு ஒருவரை நிறுத்தாமல் ஓட்டத்தைத் தொடங்கக் கூடாது.

எந்தச் சாலையில் ஓடலாகாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். வடக்கே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஜாரவா மக்களின் காட்டுக்குள் நுழைகிறது. வாகனங்களே அணிவகுத்து, காவலோடு, நிற்காமல் கடக்கவேண்டிய வழி அது. பழங்குடியினரைப் பாதுகாக்க 1956ஆம் ஆண்டு முதல் சட்டம் உள்ளது. அந்தப் பக்கத்தைக் காட்சிக்கு அழகான ஓட்டப்பாதை என்று எவரேனும் சொன்னால், அவருக்கு விடைகொடுத்து அனுப்பிவிடுவது உத்தமம். தெற்கே வண்டூர்க் கடற்கரையில் உவர்நீர் முதலைக்கான எச்சரிக்கைப் பலகை உண்டு. சிப்பிகாட் பக்கத்தில், 2004இல் நிலம் தாழ்ந்ததால் கடல்நீர் புகுந்து, நெல்வயல்கள் நீர்ப்பரப்பாக மாறிய இடங்களைக் காணலாம். சாலையிலிருந்து பார்க்க அழகுதான். அங்கே விதைத்தவர்களுக்கு அது அழகன்று.

இனி பணக் கணக்கு. நகரத்துப் பாணியில் நடத்தினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். 200 பேர், ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் வரும். பனியன் 150, பதக்கம் 60, எண் அட்டை 20, சிற்றுண்டி 50 என்று போட்டால் ஆளுக்கு 280; மொத்தம் 56,000. மீதி 4,000. அதிலே மேடை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினருக்கு மாலை! நோயாளியின் குடும்பத்துக்கு ஒரு கப்பல் சீட்டு எஞ்சினால் அதிசயம். பனியனையும் பதக்கத்தையும் நீக்கி, எண்ணை அட்டையில் கையால் எழுதி, பந்தலில் இட்லியும் வாழைப்பழமும் கொடுத்தால் ஆளுக்கு 45, மொத்தம் 9,000. மீதி 51,000. கூட இருந்த வாலிபர் ஒருவர், “ஐயா, பதக்கம் இல்லையென்றால் யாரும் வரமாட்டார்களே” என்றார். வராதவர்கள் வராமலிருக்கட்டும். பதக்கத்துக்காக வருகிற இருநூறு பேரைவிட, நோயாளியின் பெயரை அறிந்து வருகிற அறுபது பேர் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாலிபருக்கு இதில் முழுச் சம்மதமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் பிள்ளைகளுக்காவது மரத்தில் செய்த ஒரு சிறு வில்லை கொடுக்கலாம் என்கிறார். மரமறுப்பு ஆலை இருக்கும் ஊர் ஆயிற்றே, பார்க்கலாம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு பணம் அனுப்ப முன்வருவார்கள். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வேறு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவரோ அந்நாட்டு அமைப்போ அனுப்புவது வேறு. பின்னதை வாங்க வேண்டுமானால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ தேவை. நல்ல நோக்கம் சட்டத்துக்கு விலக்கு ஆகாது. வருமான வரிச் சலுகை எதிர்பார்ப்பவர்கள், 80ஜி அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளை வழியாகவே கொடுக்க வேண்டும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நாற்காலி போடுவதைக் காட்டிலும், ஏற்கெனவே ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து நடத்துவது எளிது.

உதவி பெறுகிற குடும்பத்தை மேடையில் ஏற்றி நிறுத்தி, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. அக்கரையில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். அந்தக் குடும்பத்துப் பெண் நாளைக்கும் அதே படகில் ஏற வேண்டும். அதே கடையில் கடன் சொல்ல வேண்டும். அவர்கள் விரும்பினாலன்றிப் பெயரும் வெளிவரக் கூடாது, படமும் வெளிவரக் கூடாது. ஊரார் தாமாக அறிந்து ஓடுவது வேறு. நாம் அறிவிப்பது வேறு. பணத்தை ரொக்கமாகத் தராமல், கப்பல் சீட்டாகவும் சென்னையில் அறை வாடகையாகவும் கட்டிவிட்டால், கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் கூச்சமில்லை.

திரும்பும் படகில், யார் யாரிடம் பேச வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினோம். ஊராட்சித் தலைவர், காவல் நிலையம், மருத்துவ நிலையத்துச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், ஜீப் ஓட்டுநர்கள், படகுத் துறைப் பொறுப்பாளர், பள்ளிவாசல் பெரியவர், துர்கா பூஜைக் குழுவினர், கடைக்கார அம்மாள். ஓடுகிறவர்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை என்பதை ஒரு வாலிபர் கவனித்துச் சிரித்தார்.

ஓட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் வரவு செலவைக் கையெழுத்துத் தாளில் எழுதி, படகுத் துறையில் ஒட்டுவதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். தமிழில், வங்காளத்தில், இந்தியில், மலையாளத்தில். மலையாளம் எழுதத் தெரிந்தவர் இன்னும் கிடைக்கவில்லை. விம்பர்லிகஞ்ச் பக்கத்தில் ஓர் ஆசிரியையைக் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.